மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மட்கு: ஹியூமிக் பொருட்களின் வேதியியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹியூமிக் அமிலம் என்ற பெயரை இப்போது உரக்கடையில் பாட்டில் மேல் பார்க்கிறோம். தண்ணீர் பரிசோதனை பற்றிப் பேசுபவர்களும் அதையே சொல்கிறார்கள். மண்ணில் இருந்தால் நல்லது என்கிறார்கள், குடிநீரில் இருந்தால் தொல்லை என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். அது எப்படி என்று விளங்க அதன் வேதியியலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விவசாயிகள், மாணவர்கள், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹியூமிக் பொருள் என்பது ஒரே வேதிப்பொருளா?

இல்லை. சர்க்கரைக்கு ஒரு வாய்பாடு எழுதலாம், யூரியாவுக்கு எழுதலாம். ஹியூமிக் அமிலத்துக்கு எழுத முடியாது. இலை, வேர், வைக்கோல், சாணம், செத்த நுண்ணுயிர் எல்லாம் சிதைந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி மிஞ்சும் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை அது. மட்கு என்று நாம் சொல்வதன் முக்கியப் பகுதி இதுதான். அடர்பழுப்பு முதல் கறுப்பு வரை நிறம் இருக்கும். எடையில் பாதிக்கு மேல் கார்பன், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன், மீதி ஹைட்ரஜன், கொஞ்சம் நைட்ரஜன், சிறிதளவு கந்தகம். இடத்துக்கு இடம் இந்த விகிதம் மாறும். வயலில் கிடைப்பதும் சதுப்பில் கிடைப்பதும் ஒன்றல்ல.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பொருளை வைத்து ஒரு ஆய்வகத்தின் முடிவை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது? அதற்காகவே 1981-ல் பன்னாட்டு ஹியூமிக் பொருட்கள் கழகம் தொடங்கப்பட்டது. அது பராமரிக்கும் பொதுவான மாதிரிகளில் அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் சுவானி ஆற்று மாதிரி. ஜார்ஜியா மாநிலத்தின் ஒகெஃபெனோகீ சதுப்பிலிருந்து கிளம்பும் அந்த ஆற்று நீர், பால் ஊற்றாத டீயின் நிறத்தில் இருக்கும்.

ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம், ஹியூமின் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

எதில் கரைகிறது என்பதை வைத்து மட்டும்தான். மண்ணை எடுத்து நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுக் குலுக்கினால், சில மணி நேரத்தில் மேலே நிற்கும் நீர் காபி டிக்காஷனைவிடக் கறுப்பாகிவிடும். எவ்வளவு குலுக்கினாலும் கரையாமல் மண்ணோடு தங்கிவிடுவது ஹியூமின். கறுப்புக் கரைசலை வடித்தெடுத்து, சொட்டுச் சொட்டாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 1-க்குக் கொண்டுவந்தால், அதுவரை தெளிவாக இருந்த நீரில் பழுப்புத் துகள்கள் திரண்டு அடியில் படியும். படிவது ஹியூமிக் அமிலம். மேலே மஞ்சளாக நிற்கும் நீரில் இருப்பது ஃபுல்விக் அமிலம், எந்த பி.எச்.சிலும் கரைந்தே இருக்கும்.

1786-ல் ஃபிரான்ஸ் கார்ல் ஆஷார்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பீட் மண்ணை (சதுப்பில் அரைகுறையாக மட்கிய தாவர எச்சம்) காரத்தில் கரைத்து இப்படித்தான் எடுத்தார். அடிப்படை முறை இன்றும் அதேதான்.

காரத்தில் கரைத்து எடுப்பது மண்ணில் உண்மையில் இருப்பதைக் காட்டுமா?

மண் வேதியியலில் இன்றும் சூடாக விவாதிக்கப்படும் கேள்வி இது. பழைய பாடப்புத்தகங்கள், சிதைந்த துணுக்குகள் மண்ணுக்குள்ளேயே ஒன்றுசேர்ந்து பெரிய, சிக்கலான, எளிதில் அழியாத மூலக்கூறுகளாக ஆகின்றன என்று சொல்லின. பிறகு நடந்த ஆய்வுகள், நாம் பெரிய மூலக்கூறு என்று நினைத்தது பெரும்பாலும் சிறிய மூலக்கூறுகள் நீர்வெறுப்புப் பிணைப்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பாலும் கூடி நிற்கும் திரள் என்று காட்டின. 2015-ல் யோஹானஸ் லேமன், மார்க்கஸ் கிளேபர் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. பி.எச். 13-க்குக் கொண்டுபோய் எடுக்கும் பொருளை வைத்து மண்ணைப் பற்றி முடிவு கட்டக் கூடாது, மண்ணில் இருப்பது பல்வேறு கட்டங்களில் சிதைந்துகொண்டே போகும் பொருட்களின் தொடர்ச்சி என்பது அவர்கள் வாதம்.

மண்ணைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் கதை வேறு. அங்கே அந்தப் பழுப்புப் பொருள் ஏற்கெனவே கரைந்து நிற்கிறது, பிசின் நிரப்பிய குழாய் வழியாகச் செலுத்தியே பிரித்துவிடலாம். அதன் மின்சுமையையும் உலோகப் பிணைப்பையும் நேரடியாக அளக்கலாம். எனவே ஹியூமிக் என்ற வகைப்பாடு நீர் வேதியியலில் இன்னும் உபயோகமானதுதான்.

அமிலம் என்கிறார்களே, மண்ணைப் புளிக்கச் செய்துவிடாதா?

பயப்பட வேண்டாம். இது வலுக்குறைந்த அமிலம். அமிலத்தன்மை அதன் மூலக்கூறுகளில் உள்ள இரண்டு வகை அணுத் தொகுதிகளிலிருந்து வருகிறது. ஒன்று கார்பாக்சில்: பி.எச். 4-ஐச் சுற்றி ஹைட்ரஜனை விட ஆரம்பிக்கும். இன்னொன்று ஃபீனால்: பி.எச். 9, 10 வரை விடாமல் வைத்திருக்கும். நம் வயல் மண் பெரும்பாலும் 6 முதல் 8.5-க்குள் இருப்பதால், கார்பாக்சில் தொகுதிகளில் பெரும்பாலானவை ஹைட்ரஜனை இழந்து எதிர்மின் சுமையோடு நிற்கும்.

மண்ணுக்கு மட்கு தரும் நன்மையில் பெரும்பகுதி இந்த எதிர்மின் சுமையிலிருந்துதான் வருகிறது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் எல்லாம் நேர்மின் அயனிகள். மழை அவற்றைக் கீழே கழுவிக்கொண்டு போகாமல் இந்தச் சுமைகள் பிடித்து வைக்கின்றன, வேர் கேட்கும்போது விடுகின்றன. அளவில் சொன்னால், செம்மண்ணில் அதிகமுள்ள கயோலினைட் களிமண்ணின் பரிமாற்றத் திறன் (நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்து விடும் அளவு) 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலன்ட். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட்டுக்கு 80 முதல் 120 வரை. மட்குக்கு 150 முதல் 300 வரை இருக்கும். செம்மண் வைத்திருப்பவர்களுக்கு மட்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்த எண்களிலேயே தெரியும். அங்கே களிமண் செய்ய முடியாத வேலையை மட்குதான் செய்ய வேண்டும்.

ஃபுல்விக் அமிலத்தில் ஆக்சிஜன் அதிகம், கார்பாக்சிலும் அதிகம், மூலக்கூறும் சிறியது. எனவே எடைக்கு எடை அதன் சுமை ஹியூமிக்கைவிடக் கூடுதல்.

கரிசல் மண் இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, அதில் மட்கு ஏராளமாக இருக்குமா?

இருக்காது. பலர் இப்படித்தான் நம்பிக்கொண்டு தொழுவுரம் போடுவதைக் குறைக்கிறார்கள். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலைப் பரிசோதித்தால் அங்ககக் கரிமம் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்) பெரும்பாலும் குறைவு என்றே வரும். அந்தக் கறுப்புக்குக் காரணம், கொஞ்சமே உள்ள மட்கு, களிமண் துகள்களின் மேல் கால்சியம் துணையோடு மெல்லிய பூச்சாகப் படிந்து இறுகியிருப்பது. டைட்டானியம் கலந்த மேக்னடைட் போன்ற கனிமங்களும் நிறத்தைக் கூட்டுகின்றன. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் பரிசோதனை அட்டையைப் பாருங்கள்.

அட்டையில் உள்ள 'அங்ககக் கரிமம்' என்பதுதான் மட்கா?

கிட்டத்தட்ட. மண் பரிசோதனை நிலையங்களில் பொதுவாகச் செய்வது 1934-ல் வந்த வாக்லி - பிளாக் முறை. மண்ணில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் ஊற்றி அரைமணி நேரம் விடுவார்கள். கலவை தானாகவே சூடாகி மண்ணின் கரிமத்தை எரிக்கும். மிஞ்சிய டைகுரோமேட்டை, டைபினைலமீன் என்ற நிறங்காட்டியில் சில துளிகள் விட்டு, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் அளப்பார்கள். ஊதாநீலமாக இருந்த கரைசல் ஒரே சொட்டில் பச்சையாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

இந்த முறை கரிமம் முழுவதையும் எரிப்பதில்லை, சராசரியாக 77 சதவீதம் என்று வைத்துத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். வரும் எண்ணை 1.724-ஆல் பெருக்கினால் மொத்த அங்ககப் பொருள். மட்கில் 58 சதவீதம் கார்பன் என்ற பழைய அனுமானத்திலிருந்து வந்த பெருக்கல் இது. ஆகவே இரண்டாம் தசம இலக்கத்துக்காகக் கவலைப்படாதீர்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேலே அதிகம் என்ற பொதுவான அளவுகோல் போதும்.

களர் நிலத்தின் மேல் சில சமயம் கறுப்புப் படலம் தெரிகிறதே, அது என்ன?

ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு செய்யும் வேலையை வயலில் சோடியம் கார்பனேட் செய்கிறது. களர் நிலத்தில் பி.எச். 8.5-ஐத் தாண்டிப் போகும், கால்சியத்தின் இடத்தில் சோடியம் உட்கார்ந்திருக்கும். கால்சியத்துக்கு இரண்டு நேர்மின் சுமை என்பதால் அது மட்கையும் களிமண்ணையும் சேர்த்துக் கட்டி வைக்கும். சோடியத்துக்கு ஒன்றுதான், கட்டு அவிழ்ந்துவிடும். மட்கு கரைந்து மண்நீரோடு மேலே வரும், வெயிலில் நீர் காய்ந்ததும் கறுப்புப் பூச்சாகத் தங்கும்.

ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிப்பதன் பொருளும் இதுதான். கால்சியம் திரும்ப வந்து சோடியத்தை வெளியே தள்ளுகிறது, மட்கும் களிமண்ணும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் கொட்டினால் வெளியே தள்ளப்பட்ட சோடியம் அங்கேயே கிடக்கும், பணம்தான் வீண்.

உலோகங்களைப் பிடித்து வைக்கும் என்கிறார்களே, எல்லா உலோகத்தையும் ஒரே மாதிரியா?

இல்லை. அடுத்தடுத்து அமைந்த ஒரு கார்பாக்சிலும் ஒரு ஃபீனாலும் சேர்ந்து உலோக அயனியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். தாமிரம், ஈயம், ஃபெரிக் இரும்பு (துருவில் உள்ள ஆக்சிஜனேற்றமடைந்த வடிவம்), அலுமினியம் இவற்றோடு பிடி இறுக்கம். துத்தநாகம், மாங்கனீசு இடைப்பட்டவை. கால்சியம், மக்னீசியம் தளர்வு. பாதரசத்தின் கதை தனி. மட்கில் உள்ள சிறிதளவு கந்தகத் தொகுதிகள் அதை மற்ற எல்லாவற்றையும்விட உறுதியாகப் பிடிக்கும்.

பிடிப்பது நன்மையா தீமையா என்பது பிடித்த பொருள் கரைந்து நிற்கிறதா, படிந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது. மண் துகளில் ஒட்டிய ஹியூமிக் அமிலம் ஈயத்தைப் பிடித்தால் ஈயம் அங்கேயே நிற்கும். நீரில் கரைந்த ஃபுல்விக் அமிலம் பிடித்தால் ஈயமும் அதோடு சேர்ந்து பயணம் போகும். வழக்கமாகக் கரையாத இரும்புகூடச் சதுப்பு நீரில் கரைந்து நிற்பது இதனால்தான்.

ஜெர்மனியின் கோர்லேபென் இதற்கு நல்ல உதாரணம். அணுக்கழிவைப் புதைக்க ஏற்றதா என்று 1977 முதல் ஆராயப்பட்ட அந்த உப்புப் பாறைக்கு மேலே உள்ள நீரடுக்குகளில் பழுப்பு நிலக்கரித் துகள்கள் கலந்திருந்தன. அதனால் நிலத்தடி நீரே பழுப்பாக, ஹியூமிக் பொருள் மிகுந்து இருந்தது. புளூட்டோனியம், அமெரிசியம் போன்ற கதிரியக்க உலோகங்கள் கசிந்தால் மண்ணில் ஒட்டி நிற்குமா, நீரில் மிதக்கும் ஹியூமிக் நுண்துகள்களில் ஏறி நகருமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். உலோகங்களோடு ஹியூமிக் பிணையும் வலிமை பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அங்கிருந்து வந்தது. 2020-ல் அந்த இடம் அணுக்கழிவைப் புதைக்கும் இடத்துக்கான தேர்விலிருந்து நீக்கப்பட்டது.

சாதாரண நிலத்தடி நீரில் எவ்வளவு இருக்கும்?

மிகக் குறைவு. கரைந்த கரிமம் பெரும்பாலான கிணறுகளில் லிட்டருக்கு 2 மி.கி.க்குள் அடங்கிவிடும், அதிலும் ஹியூமிக் வகை ஒரு பகுதிதான். மேலிருந்து இறங்கும் நீரிலுள்ள மட்கை வழியிலேயே இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் களிமண்ணும் உறிஞ்சிவிடுகின்றன. கடின நீரில் கால்சியம் அதைத் திரள வைத்துவிடுகிறது. மீதியை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தாலும் நிறமில்லாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

வங்கத்து ஆர்சனிக்குக்கும் மட்குக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1983-ல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாகா மேற்கு வங்கக் கிராமத்து மக்களின் உள்ளங்கை, உள்ளங்காலில் வந்த தடிப்புகளை ஆர்சனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். குளத்து நீரின் கிருமிகளிலிருந்து தப்பிக்கப் போட்ட குழாய்க் கிணறுகள்தான் அந்த ஆர்சனிக்கைக் கொண்டு வந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அங்கே பல கிணறுகளில் அதைப் போலப் பல மடங்கு.

ஆர்சனிக் இமயத்திலிருந்து வந்த வண்டலில், இரும்பு ஆக்சைடுப் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பூச்சு இருக்கும்வரை ஆபத்து இல்லை. ஆனால் வண்டலில் புதைந்த பீட், தாவர மட்கு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் தின்றதில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. ஆக்சிஜன் இல்லாதபோது சில பாக்டீரியாக்கள் ஃபெரிக் இரும்பைக் கொண்டு சுவாசிக்கும். இரும்பு ஃபெரஸ் என்ற கரையும் வடிவமாகிக் கரையும், ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்கும். அந்த மட்கு பீட் அடுக்கிலிருந்து வருகிறதா, மேலே உள்ள குளங்களிலிருந்து இறங்குகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

ஹியூமிக் பொருள் இதில் உணவாக மட்டும் இல்லை. 1996-ல் டெரெக் லவ்லியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள்: பாக்டீரியா தன் எலக்ட்ரானை ஹியூமிக் பொருளிடம் கொடுக்க முடியும், அது அந்த எலக்ட்ரானைக் கொண்டுபோய் இரும்பு ஆக்சைடிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடி வாங்கிக்கொள்ளும். இந்த வேலையைச் செய்வது அதிலுள்ள குயினோன் தொகுதிகள். பாக்டீரியா நேரடியாகத் தொட முடியாத இரும்பும் இதனால் கரைகிறது. போதாததற்கு, எதிர்மின் சுமை கொண்ட ஹியூமிக், அதே சுமை கொண்ட ஆர்சனேட்டோடு (ஆர்சனிக்கின் ஒரு வடிவம்) இரும்புப் பரப்பில் இடத்துக்குப் போட்டி போட்டு அதைத் தள்ளியும் விடுகிறது. மண் வளத்துக்கு உதவும் அதே குணங்கள், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இப்படி வேலை செய்கின்றன.

எங்கள் போர் தண்ணீர் பழுப்பாக வருகிறது. இரும்பா, மட்கா?

தமிழ்நாட்டில் என்றால் முதலில் இரும்பைச் சந்தேகப்படுங்கள். ஒரு வெள்ளை பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்த உடனே பாருங்கள், அப்புறம் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகி, காலையில் அடியில் துருப்பொடி படிந்திருந்தால் இரும்பு. பிடிக்கும்போதே வெளிறிய டீ நிறமாக இருந்து, காலையிலும் அதே நிறத்தில், வண்டல் ஏதும் இல்லாமல் நின்றால் கரைந்த மட்காக இருக்கலாம். புதிதாகப் பிடித்த நீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டால் இரும்பு நீர் கருநீலமாகும், பழைய காலத்தில் மை தயாரித்த அதே வினை. இரண்டும் சேர்ந்தும் இருக்கும் என்பதால் ஆய்வகப் பரிசோதனைதான் முடிவு.

குடிநீரில் இருந்தால் உடம்புக்குக் கெடுதலா?

நேரடியாகப் பெரிய கெடுதல் இல்லை. தொல்லை, குளோரின் சேர்க்கும்போது வருகிறது. 1974-ல் ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர் யோஹானஸ் ரூக், குளோரின் சேர்த்த நீரில் குளோரோஃபார்ம் உருவாவதையும், அதற்கு மூலம் நீரிலிருந்த மட்குப் பொருட்கள் என்பதையும் வெளியிட்டார். ஹியூமிக்கின் வளையங்களில் ரெசார்சினால் போன்ற அமைப்புகள் குளோரினோடு வேகமாக வினைபுரிந்து உடைகின்றன. உடைந்ததில் வருபவைதான் டிரைஹேலோமீத்தேன்கள், குளோரோஃபார்ம் அவற்றில் ஒன்று. கடல்நீர் புகுந்த கிணறுகளில் புரோமைடும் இருப்பதால் புரோமின் கொண்டவையும் சேர்ந்து வரும்.

அமெரிக்கா 1979-ல் இவற்றுக்கு மொத்தமாக லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது, பிறகு 80 ஆக்கியது. இந்தியத் தரநிலையில் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மி.கி. என்று உள்ளது. இதைக் கேட்டுவிட்டு யாரும் குளோரினை நிறுத்திவிடக் கூடாது. காலராவும் டைஃபாய்டும் உடனே கொல்லும் ஆபத்து. சரியான வழி, குளோரினுக்கு முன்பே மட்கை எடுத்துவிடுவது. படிகாரத்தை, நீர் லேசான அமில நிலையில் (பி.எச். 6-ஐ ஒட்டி) இருக்கும்போது போட்டால் அலுமினியம் ஹியூமிக்கின் சுமையைச் சமன் செய்து திரட்டிக் கீழே இறக்கிவிடும். கலங்கலை மட்டும் நீக்கப் போடும் அளவைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

டி.டி.எஸ். மீட்டரில் தெரியுமா? வீட்டு ஃபில்டர் எடுத்துவிடுமா?

மீட்டரில் தெரியாது. அது மின்கடத்துதிறனை அளந்து உப்பாக மாற்றிக் காட்டுகிறது. லிட்டருக்குச் சில மி.கி. மட்கு அதில் ஒரு அசைவும் காட்டாது. கேண்டில் ஃபில்டர் எடுக்காது. கரி ஃபில்டர் ஓரளவு எடுக்கும், விரைவில் நிரம்பிவிடும். ஆர்.ஓ. நன்றாக எடுக்கும், ஆனால் சவ்வில் படலமாகப் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும்.

பூச்சிக்கொல்லிகளை என்ன செய்கிறது?

நீரில் கரைய விரும்பாத டி.டி.டி. போன்றவை மட்குக்குள் புகுந்து தங்கிவிடும், நிலத்தடி நீருக்குச் சுலபமாக இறங்காது. அட்ரசின் போன்ற நீரில் ஓரளவு கரையும் களைக்கொல்லிகள் அவ்வளவாகப் பிடிபடாது. மட்கு குறைந்த மணற்பாங்கான நிலத்தில் அவை கீழே போவது எளிது.

மட்கு எத்தனை காலம் நிலைக்கும்?

இடத்தைப் பொறுத்தது. கனடாவின் சஸ்காட்சுவான் கருமண்ணில் 1960-களில் கார்பன்-14 வைத்து அளந்தபோது, ஃபுல்விக் பகுதியின் சராசரி வயது சுமார் 500 ஆண்டு, ஹியூமிக் பகுதிக்கு ஆயிரத்துக்கு மேல் என்று வந்தது. குளிர்ந்த, நீர் தேங்கிய இடத்தில் இன்னும் நீளும். நீலகிரியின் பீட் சதுப்புகளில் படிந்த தாவர எச்சங்களை வைத்து, கடந்த 20,000 ஆண்டுகளின் பருவமழை மாற்றங்களை இந்திய ஆய்வாளர்கள் 1993-ல் எழுதினார்கள். சமவெளியில் நிலைமை தலைகீழ். வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் மண்ணில், உழுது காற்றுப்பட விட்டால், போட்ட தொழுவுரத்தின் பெரும்பகுதி ஓரிரு ஆண்டில் கரியமில வாயுவாகப் போய்விடும். எனவே ஒரு தடவை வண்டி வண்டியாகக் கொட்டுவதைவிட ஆண்டுதோறும் கொஞ்சம் போடுவது மேல்.

கடையில் விற்கும் ஹியூமிக் அமிலத்தை வாங்கலாமா?

அதில் பெரும்பாலானது பொட்டாசியம் ஹியூமேட். பழுப்பு நிலக்கரியையோ லியோனார்டைட் என்ற ஆக்சிஜனேற்றமடைந்த நிலக்கரியையோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்துச் செய்வது. நெய்வேலி நிலக்கரியிலிருந்து எடுத்த ஹியூமிக் அமிலத்தை வைத்துத் தமிழ்நாட்டிலேயே பயிர் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2021 முதல் ஹியூமிக், ஃபுல்விக் பொருட்கள் உயிர்த்தூண்டி என்ற வகையில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. எனவே லேபிளில் அந்த விவரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேர் வளர்ச்சிக்கும் இரும்பு, துத்தநாகச் சத்து கிடைப்பதற்கும் உதவக்கூடும். ஆனால் ஏக்கருக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றி மண்ணின் கரிமத்தை உயர்த்த முடியாது. ஒரு ஏக்கரின் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 0.1 சதவீதம் கரிமம் கூட வேண்டுமென்றாலே 900 கிலோ கார்பன் வேண்டும். அந்த வேலை தொழுவுரம், தக்கைப்பூண்டு, பயிர்க்கழிவு ஆகியவற்றுடையது.

வாங்கிவிட்டீர்கள் என்றால், தெளிப்பான் டேங்கில் கால்சியம் நைட்ரேட்டோடோ பாஸ்பாரிக் அமிலத்தோடோ சேர்க்காதீர்கள். கால்சியம் ஹியூமேட்டாகவோ ஹியூமிக் அமிலமாகவோ திரண்டு நாசிலையும் சொட்டுநீர்க் குழாயின் துளைகளையும் அடைத்துவிடும். போர் தண்ணீர் கடினமானது என்றால் முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் அதே விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் கறுப்பாக எதுவும் படியவில்லை என்றால் டேங்கில் ஊற்றலாம்.